ஆட்டுக்கறி உருண்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொத்துக்கறியை மசாலாவோடு பிசைந்து, உருட்டி, வேகவைப்பது பார்க்க எளிய வேலைதான். ஆனாலும் உருண்டை உடைகிறது, ரப்பராகிறது, உள்ளே வேகவில்லை, மசாலா பச்சை வாடை அடிக்கிறது என்று ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். வேறு அளவு சொல்லாத இடத்தில் எல்லாம் அரை கிலோ கறிக்கான கணக்கு. பெரும்பாலான சிக்கல்கள் இரண்டு காரணங்களில் வந்து முடிகின்றன: கலவையில் அதிகப்படியான தண்ணீர் இருப்பது, அடுப்புக்குப் போகும் முன்பே கறி சூடேறிவிடுவது. கீழே உள்ள பதில்களில் இந்த இரண்டும் அடிக்கடி தலைகாட்டும்.

அரை கிலோ கறிக்கு என்னென்ன எவ்வளவு வேணும்?

கொத்துக்கறி 500 கிராம், ஓரம் நீக்கிய பிரெட் 1 துண்டு (சுமார் 25 கிராம்), பால் 3 டேபிள்ஸ்பூன், முட்டை 1, நடுத்தர வெங்காயம் 1 (80 முதல் 100 கிராம்), பூண்டு 4 பல், ஒரு அங்குலத் துண்டு இஞ்சி, பொடியாக நறுக்கிய கொத்தமல்லித்தழையோ புதினாவோ 3 டேபிள்ஸ்பூன். மசாலாவுக்கு மல்லித்தூள் 2 டீஸ்பூன், சீரகத்தூள் 1 டீஸ்பூன், மிளகாய்த்தூள் 1 டீஸ்பூன், மிளகுத்தூள் அரை டீஸ்பூன், பட்டைத்தூள் கால் டீஸ்பூன். தூள் உப்பு 7 கிராம், அதாவது தலைதட்டி ஒரு டீஸ்பூனும் அதற்கு மேல் ஒரு நல்ல சிட்டிகையும்.

எல்லாம் சேர்ந்து 700 கிராமை ஒட்டி வரும். ஒரு உருண்டை 30 கிராம் என்று வைத்தால் 22 அல்லது 23 உருண்டை கிடைக்கும். மசாலாவைக் கூட்டிக் குறைப்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது. ஆனால் உப்பு, பிரெட், பால் மூன்றின் அளவை முதல் தடவை மாற்றாதீர்கள். அவை ருசிக்கு மட்டும் சேர்ப்பவை அல்ல, உருண்டையைத் தாங்கிப் பிடிப்பவையும் அவைதான்.

எந்த வரிசையில சேர்க்கணும்? எல்லாத்தையும் ஒண்ணா போட்டுப் பிசைஞ்சா ஆகாதா?

ஆகும், ஆனால் சீராக வராது. பிரெட்டைப் பிய்த்துப் பாலில் போட்டு 5 நிமிடம் ஊறவிட்டு, கட்டியில்லாத கூழாக மசியுங்கள். வெங்காயத்தையும் மசாலாவையும் கீழே சொல்லியிருக்கும்படி தயார் செய்து ஆறவையுங்கள். பிறகு கறியையும் உப்பையும் மட்டும் ஒரு நிமிடம் பிசைந்து, லேசாக ஒட்டும் பதம் வந்ததும் பிரெட் கூழ், முட்டை, வெங்காயம், இஞ்சி பூண்டு, மசாலா, தழை எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகும்வரை மட்டும் கலக்குங்கள்.

உப்பை முதலில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. கறியில் இருக்கும் மயோசின் என்ற புரதத்தை உப்புதான் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. கையில் பிசுபிசுவென்று ஒட்டுவது அதுதான். சூடு பட்டதும் அது இறுகி உருண்டையை ஒன்றாகக் கட்டும்.

செம்மறி நல்லதா, வெள்ளாடு நல்லதா? எந்தப் பாகத்துல வாங்கணும்?

இரண்டிலும் செய்யலாம். செம்மறிக் கறியில் கொழுப்பு அதிகம் என்பதால் உருண்டை மிருதுவாக வருவது எளிது. வெள்ளாட்டுக் கறியில் கொழுப்பு குறைவு, அதனால் வறண்டுபோக வாய்ப்பு அதிகம். வெள்ளாட்டில் செய்வதானால் 1 டேபிள்ஸ்பூன் நெய்யோ எண்ணெயோ கலவையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பாகம் என்று பார்த்தால் முன்கால் சப்பைதான் முதல் தேர்வு. கறியும் கொழுப்பும் அதில் அளவாகக் கலந்திருக்கும். தொடைக்கறி மட்டும் கிடைத்தால் கொஞ்சம் கொழுப்பையும் சேர்த்துக் கொத்தச் சொல்லுங்கள். நூறு கிராம் கொத்துக்கறியில் 15 முதல் 20 கிராம் கொழுப்பு இருப்பது சரியான அளவு. 10 கிராமுக்குக் கீழே போனால் உருண்டை உதிரியாக, மெல்லும்போது வறண்டதாக இருக்கும். 30 கிராமைத் தாண்டினால் வாணலியில் கொழுப்பு உருகி ஓடி, உருண்டை பாதியாகச் சுருங்கிவிடும்.

கைமாவைக் கழுவலாமா கூடாதா?

கொத்திய பிறகு கழுவாமல் இருப்பதே நல்லது. கொத்துக்கறி தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், எவ்வளவு வடித்தாலும் முழுதாகப் போகாது. அந்தத் தண்ணீர்தான் பிறகு உருண்டையை உடைக்கிறது. தவிர, கழுவும்போது தெறிக்கும் நீர் கிருமிகளைத் தொட்டி, மேடை, பக்கத்தில் இருக்கும் பாத்திரம் வரை கொண்டுபோகும். கிருமியை அழிப்பது கழுவுதல் அல்ல, சரியான சூட்டில் வேகவைப்பதுதான்.

கழுவாமல் சமைக்க மனம் ஒப்பவில்லை என்றால், முழுத்துண்டாக இருக்கும்போதே கழுவித் துடைத்துவிட்டுக் கொத்தச் சொல்லுங்கள். ஏற்கெனவே கொத்தியாகிவிட்டது, கழுவியே தீரவேண்டும் என்றால் மெல்லிய சல்லடையில் ஒரே ஒரு தடவை அலசி, கால் மணி நேரம் வடியவிட்டு, சுத்தமான துணியில் கட்டி இறுகப் பிழியுங்கள். அப்படிச் செய்தால் பாலை 3 டேபிள்ஸ்பூனிலிருந்து ஒன்றரையாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மிக்ஸியில கொத்திக்கலாமா? எனக்கு எப்பவும் பேஸ்ட் மாதிரி ஆயிடுது.

தாராளமாகக் கொத்தலாம். பேஸ்ட் ஆவதற்குக் காரணம் மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டுவது. பிளேடின் சூட்டில் கொழுப்பு இளகி, கறியோடு குழம்பிப் பூசியதுபோல் ஆகிறது. அந்தக் கொழுப்பு வேகும்போது உருண்டைக்குள் நிற்காது.

எலும்பு, ஜவ்வு, வெள்ளை நரம்பு எல்லாவற்றையும் நீக்கி, கறியை 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள். ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரில் 25 முதல் 30 நிமிடம் வையுங்கள். ஓரம் விறைத்து நடுவில் இன்னும் அமுங்கும் பதம்தான் வேண்டும். ஜாரையும் கூடவே குளிரவைத்தால் இன்னும் நல்லது. ஒரு தடவைக்கு 150 கிராமுக்கு மேல் போடாமல், ஒரு நொடி ஓட்டி நிறுத்தி, மறுபடி ஒரு நொடி என்று விட்டு விட்டு எட்டுப் பத்து தடவை அடியுங்கள். நடுவில் ஒருமுறை நிறுத்திக் கிளறிவிடுங்கள். கொத்திய கறி மிளகு அளவுத் துணுக்குகளாக, தனித்தனியாகத் தெரியவேண்டும். ஜவ்வை விட்டுவிட்டால் அது பிளேடில் சுற்றிக்கொள்ளும், உருண்டையிலும் நார்நாராக மாட்டும்.

வெங்காயத்தைப் பச்சையா போடணுமா, வதக்கிப் போடணுமா?

வதக்கிப் போடுவதே பாதுகாப்பான வழி. பொடியாக நறுக்கி, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெயில் நடுத்தீயில் 6, 7 நிமிடம் பொன்னிறம் தொடும்வரை வதக்கி, முழுக்க ஆறவிட்டுச் சேருங்கள். தண்ணீரும் வற்றும், இனிப்பும் ஏறும். சூடாக இருக்கும்போதே கறியில் கொட்டினால் மேலே சொன்ன கொழுப்பு இளகும் சிக்கல் இங்கேயும் வரும்.

பச்சை வெங்காயத்தின் காரம் பிடிக்கும் என்பவர்கள், துருவி, கால் டீஸ்பூன் உப்புப் பிசிறி, 10 நிமிடம் கழித்துக் கையால் இறுகப் பிழிந்துவிட்டுச் சேர்க்கலாம். ஒரு வெங்காயத்திலிருந்து இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் சாறு வரும். அத்தனையும் பிழியாமல் கறிக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே புரியும். பிழிந்த சாற்றைக் குழம்பில் ஊற்றிக்கொள்ளலாம். இந்தக் கால் டீஸ்பூன் உப்பை மொத்த உப்பிலிருந்து கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

கறி உருண்டைக்கு எதுக்கு பிரெட்டும் பாலும்? வெறும் கறியில செய்யக்கூடாதா?

செய்யலாம், சூடாகச் சாப்பிடும்வரை நன்றாகவும் இருக்கும். ஆனால் கறியின் புரதம் வேகும்போது சுருங்கி, உள்ளிருக்கும் சாற்றை வெளியே தள்ளும். பாலில் ஊறிய பிரெட்டின் மாவுச்சத்து அந்தச் சாற்றைப் பிடித்து வைக்கிறது. புரத இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி இறுகிவிடாமல் இடையில் நின்றும் தடுக்கிறது. கறியைக் கூட்டிக்காட்ட மாவு சேர்ப்பதாக நினைக்கவேண்டாம். 25 கிராம் பிரெட் ருசியில் தெரியவே தெரியாது, மிருதுவில் மட்டும் தெரியும்.

பிரெட் தூள் பயன்படுத்தினால் 25 கிராம் தூளுக்கு 4 டேபிள்ஸ்பூன் பால் ஊற்றி 10 நிமிடம் ஊறவையுங்கள். உலர்ந்த தூளை அப்படியே கொட்டினால் அது கறியின் சாற்றையே உறிஞ்சிக்கொள்ளும். பால் ஆகாதவர்களுக்குத் தண்ணீரே போதும்.

முட்டை சேர்க்காம செஞ்சா உடைஞ்சிடுமா?

உடையாது. உருண்டையைக் கட்டும் முதல் வேலையை உப்பும் பிசைதலும் செய்கின்றன என்று வரிசை பற்றிய பதிலில் பார்த்தோம். முட்டை அதற்குத் துணைதான். முட்டை வேண்டாம் என்றால் 2 டேபிள்ஸ்பூன் கெட்டித்தயிரோ, 2 டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை மாவோ சேர்த்து, உப்புப் போட்டுப் பிசையும் நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து இரண்டாக நீட்டுங்கள். வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கு 60 கிராம் சேர்த்தாலும் நன்றாக நிற்கும், ஆனால் மேல் மொறுமொறுப்பு குறையும்.

ஒன்றுக்கு இரண்டு முட்டை போட்டால் இன்னும் உறுதியாகும் என்ற எண்ணம் தவறு. கலவை நீர்த்துப்போகும், வெந்தபின் பஞ்சுபோல் ஆகும்.

எவ்வளவு நேரம் பிசையறது? நல்லா அழுத்திப் பிசைஞ்சா மிருதுவா வரும்னு சொல்றாங்களே?

நேர்மாறாகத்தான் நடக்கும். பிசையப் பிசைய மயோசின் அதிகம் வெளிவந்து வலைபோல் பின்னிக்கொள்ளும். ஓரளவு தேவை, மிஞ்சினால் சாசேஜ் மாதிரி இறுகிய, எதிர்த்து நிற்கும் கடி வரும். உப்போடு ஒரு நிமிடம், மற்ற பொருட்களோடு இன்னொரு நிமிடம். அதற்குமேல் வேண்டாம்.

சோதனை எளிது. ஒரு நெல்லிக்காய் அளவு எடுத்து உள்ளங்கையில் தட்டி, கையைத் தலைகீழாகத் திருப்புங்கள். சில நொடி ஒட்டி நின்றால் போதிய பதம். உடனே விழுந்தால் இன்னும் அரை நிமிடம் பிசையலாம். விரல் நுனிகளால் கலக்குங்கள், உள்ளங்கையால் அழுத்தினால் கறி சூடேறும்.

மசாலா போட்டும் பச்சை வாடை வருது. என்ன தப்பு?

குழம்பில் மசாலாத்தூள் எண்ணெயில் வதங்குகிறது. உருண்டைக்குள் அது வதங்குவதே இல்லை, கறிச்சாற்றில் ஈரமாகி வேகிறது, அவ்வளவுதான். அதனால் மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பச்சையாகவே நிற்கும். இதைப் பலர் மசாலா குறைவு என்று தவறாகப் புரிந்துகொண்டு இன்னும் இரண்டு ஸ்பூன் கூட்டுகிறார்கள். வாடையும் கூடுகிறது.

வெங்காயம் வதங்கி முடியும் நேரத்தில் தீயை நன்றாகக் குறைத்து, இஞ்சி பூண்டைப் போட்டு ஒரு நிமிடம் வதக்குங்கள். பிறகு எல்லாத் தூளையும் அதிலேயே போட்டு 30 நொடி கிளறி இறக்குங்கள். வாசனை எழுந்ததும் நிறுத்தவேண்டும், மிளகாய்த்தூள் கருகினால் கசக்கும். பச்சை வெங்காயம் சேர்ப்பவர்கள் சீரகத்தையும் மல்லி விதையையும் வெறும் வாணலியில் வறுத்துப் பொடித்துக்கொள்ளுங்கள். மிளகாய்த்தூளை மட்டும் ஒரு ஸ்பூன் சூடான எண்ணெயில் குழைத்து, ஆறியதும் சேர்க்கலாம்.

உப்பு சரியா இருக்கான்னு எப்படிப் பார்க்கிறது? பச்சைக்கறியை ருசி பார்க்க முடியாதே.

பச்சைக்கறியை நாக்கில் வைக்கவேண்டாம். ஒரு டீஸ்பூன் கலவையைத் தட்டி, வாணலியில் இரண்டு பக்கமும் ஒரு நிமிடம் வேகவைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். உப்பு, காரம், மசாலா வாடை, உடைகிறதா, வறண்டிருக்கிறதா என்று எல்லாமே இந்த ஒரு சின்ன வில்லையில் தெரிந்துவிடும். இருபது உருண்டையையும் உருட்டிய பிறகு திருத்த முடியாததை இந்த நேரத்தில் திருத்தலாம். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

குழம்பில் போடப்போகிறீர்கள் என்றால் சோதனை வில்லையில் உப்பு ஒரு மாற்றுக் குறைவாக இருப்பது நல்லது.

உருட்டும்போது கையெல்லாம் ஒட்டுது. சில நேரம் விரிசல் விடுது. மாவு தொட்டு உருட்டலாமா?

மாவு வேண்டாம், அது வாணலியில் கருகும். கையைக் குளிர்ந்த நீரில் நனைத்தோ, எண்ணெய் தடவியோ உருட்டுங்கள். நாலு உருண்டைக்கு ஒருமுறை கையை மறுபடி நனைத்தால் போதும். முதலில் லேசாக அழுத்தி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி, பிறகு அழுத்தமில்லாமல் உருட்டி மேற்பரப்பை மென்மையாக்குங்கள்.

விரிசல் விட்டால் கலவை வறண்டிருக்கிறது. ஒரு டேபிள்ஸ்பூன் பாலோ தயிரோ சேர்த்துக் கலந்துவிட்டு மறுபடி உருட்டுங்கள். விரிசலோடு அடுப்புக்குப் போன உருண்டை அதே கோட்டில்தான் பிளக்கும். எல்லாம் ஒரே அளவில் இருப்பது முக்கியம், ஒரு தராசில் முதல் இரண்டை 30 கிராமுக்கு நிறுத்துப் பார்த்தால் கை பழகிவிடும். விட்டம் நாலு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

கலவை ரொம்பத் தண்ணியாயிடுச்சு. காப்பாத்த வழி இருக்கா?

உலர்ந்த பிரெட் தூளை ஒரு டேபிள்ஸ்பூன் மட்டும் சேர்த்து, 10 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். தூள் ஊற நேரம் எடுக்கும் என்பதால் உடனே அடுத்த ஸ்பூன் போடாதீர்கள். இரண்டு, மூன்று ஸ்பூனுக்கு மேல் தேவைப்பட்டால் உருண்டை என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, தட்டையாகத் தட்டி வாணலியில் சுட்டெடுங்கள். ருசி அதேதான். மைதாவைக் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துப் பிடிவாதமாக உருட்டினால் கறியின் ருசி போய் மாவுக் கொழுக்கட்டை ஆகிவிடும்.

உருட்டினதும் ஃப்ரிட்ஜில வைக்கணுமா? அவசரம்னா விட்டுடலாமா?

30 நிமிடம் வைத்தால் நல்லது. கொழுப்பு உறைந்து உருண்டை வடிவம் பிடிக்கும், பிரெட்டும் ஈரத்தைச் சமமாக இழுத்துக்கொள்ளும். நேரமில்லை என்றால் ஃப்ரீசரில் 10 நிமிடம். அதற்கும் நேரமில்லை என்றால் ஓவனில் வேகவையுங்கள், அங்கே திருப்பிப்போடும் வேலை குறைவு, உடையும் வாய்ப்பும் குறைவு.

வாணலியில எப்படி வேகவைக்கிறது? அடியில ஒட்டிக்கிட்டு பிய்ஞ்சு வருது.

அடிகனமான அகன்ற வாணலியில் 2 டேபிள்ஸ்பூன் எண்ணெய் ஊற்றி, நடுத்தீயில் எண்ணெய் நெளிந்து ஓடும்வரை காயவிடுங்கள். உருண்டைகளை ஒரு விரல் இடைவெளியில் வைத்து, முதல் இரண்டு நிமிடம் தொடவே தொடாதீர்கள். அடி சிவந்து தோல் கட்டியதும் அதுவே வாணலியை விட்டு விலகும். பிய்ந்து வருகிறதென்றால் இன்னும் நேரம் வரவில்லை என்று பொருள். பிறகு ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பி, மொத்தம் 9, 10 நிமிடம் வேகவையுங்கள்.

நெருக்கி வைத்தால் வெளிவரும் நீர் ஆவியாகிப் போக இடமில்லாமல் உருண்டை அவிந்துபோகும், நிறம் ஏறாது. 22 உருண்டையை இரண்டு தவணையாகப் போடுங்கள்.

வெளியே கருகிடுது, உள்ளே வேகலை. ஏன்?

தீ அதிகம், அல்லது உருண்டை பெரிது. 50 கிராம் உருண்டையை வாணலியில் மட்டும் வேகவைக்க முயலவேண்டாம். மேலே சிவக்கவைத்துவிட்டு, கால் கப் தண்ணீர் தெளித்து மூடி, சிறுதீயில் 5 நிமிடம் வைத்தால் உள்ளும் வேகும். ஃப்ரீசரிலிருந்து கல்லாக உறைந்த உருண்டையை நேராக எண்ணெயில் போட்டாலும் இதே கதிதான்.

வெந்துடுச்சான்னு எப்படிச் சரியா தெரிஞ்சுக்கிறது? உள்ளே லேசா சிவப்பா இருக்கு.

கொத்துக்கறிக்கு உள்வெப்பம் 71 டிகிரி செல்சியஸ் எட்டவேண்டும். முழுத்துண்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும். கொத்தும்போது அது உள்ளே வரை கலந்துவிடுகிறது, அதனால்தான் கொத்துக்கறியில் பாதி வெந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை. சமையல் தெர்மாமீட்டரின் முனையை ஒரு பெரிய உருண்டையின் நடுவில் குத்திப் பாருங்கள்.

நிறத்தை மட்டும் நம்பமுடியாது. சில கறி 71 டிகிரிக்கு முன்பே பழுப்பாகிவிடும், சிலது தாண்டிய பிறகும் இளஞ்சிவப்பு மாறாமல் இருக்கும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள் ஒன்றைப் பாதியாக வெட்டிப் பார்த்து, நடுப்பகுதி ஓரத்தைப்போலவே இறுகி, சாறு தெளிவாக வந்தால் கூடுதலாக இரண்டு நிமிடம் வைத்து இறக்குங்கள்.

ஓவன், ஏர் ஃப்ரையர்ல எத்தனை நிமிஷம்?

ஓவனை 200 டிகிரிக்கு முன்சூடாக்கி, எண்ணெய் தடவிய தட்டில் 15 முதல் 18 நிமிடம், நடுவில் ஒருமுறை திருப்பவேண்டும். ஏர் ஃப்ரையரில் 190 டிகிரியில் 10 முதல் 12 நிமிடம், ஒரே அடுக்காக. இரண்டிலுமே உருண்டை மேல் லேசாக எண்ணெய் தடவினால்தான் நிறம் வரும். எண்ணெயில் முழுக்கப் பொரிப்பதானால் 170 டிகிரி எண்ணெயில் 4, 5 நிமிடம்.

உருண்டையைச் சுற்றி வெள்ளையாகத் திரண்டு வருவது கறியின் புரதம். கெடுதல் இல்லை, துடைத்துவிடலாம்.

குழம்புல பச்சையா போடணுமா, பொரிச்சுப் போடணுமா? எனக்குக் குழம்புல கரைஞ்சே போயிடுச்சு.

இரண்டும் சரி. பொரித்துப் போட்டால் வறுத்த மணம் சேரும், உடையும் பயமும் இல்லை. பச்சையாகப் போட்டால் உருண்டை மிருதுவாக இருக்கும், கறிச்சாறு முழுக்கக் குழம்பில் இறங்கும். குழம்பு பிரியர்களுக்கு இரண்டாவதே பொருந்தும்.

கரைந்துபோவதற்கு மூன்று காரணங்கள்தான் அடிக்கடி பார்க்கக் கிடைக்கின்றன. குழம்பு போதிய அளவு சூடாகும் முன் போடுவது, தளதளவென்று கொதிக்கும்போது போடுவது, போட்டவுடன் கரண்டியால் கிளறுவது. குழம்பில் ஓரங்களில் மட்டும் சின்னச் சின்னக் குமிழ் எழும் நிலையில், ஃப்ரிட்ஜில் இருந்து எடுத்த உருண்டைகளை ஒவ்வொன்றாக இறக்குங்கள். முதல் 5 நிமிடம் கரண்டியே வேண்டாம், பாத்திரத்தை இரு கையாலும் பிடித்து லேசாகச் சுழற்றுங்கள். பிறகு மூடி, சிறுதீயில் இன்னும் 10 நிமிடம். பொரித்ததானால் மொத்தம் 5, 6 நிமிடமே போதும். உருண்டை பாதிக்கு மேல் மூழ்கும் அளவுக்குக் குழம்பு இருக்கட்டும், கொஞ்சம் நீர்த்தே இருக்கட்டும், உருண்டை உறிஞ்சியதும் கெட்டியாகும்.

கைமாவை வேகவெச்சு அரைச்சு உருட்டறாங்களே, அது எப்படி?

அது வேறு முறை, வேறு பதம். ஒருமுறை வெந்த புரதத்துக்கு ஒட்டும் தன்மை போய்விடும். அதனால் உப்புப் போட்டுப் பிசைந்தாலும் ஒன்றாகச் சேராது, பொட்டுக்கடலை மாவும் முட்டையும் தாராளமாகத் தேவைப்படும். 500 கிராம் கறியை வேகவைத்துத் தண்ணீரை முழுக்க வற்றவிட்டு, ஆறவைத்து அரைத்து, 5, 6 டேபிள்ஸ்பூன் மாவு சேர்த்து உருட்டி எண்ணெயில் பொரிக்கவேண்டும். மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே பொலபொலப்பாகவும் வரும். குழம்பில் வெகுநேரம் கொதிக்க இது தாங்காது.

வெந்ததும் ரப்பர் மாதிரி இருக்கு. இவ்வளவு சொன்னபடி செஞ்சும் ஏன்?

கடித்துப் பார்த்தால் காரணம் தெரியும். வழவழப்பாக, இழுத்துக்கொண்டு இறுக்கமாக இருந்தால் பிசைந்தது அதிகம். உதிரியாக, தொண்டையில் அடைப்பதுபோல் வறண்டிருந்தால் கொழுப்பு குறைவு அல்லது வெந்தது அதிகம். 71 டிகிரியைத் தாண்டி 80 வரை போனாலே சாறு நிறைய வெளியேறிவிடும். நாராக மாட்டினால் ஜவ்வு நீக்கவில்லை. மூன்றும் ஒன்றாக இருந்தால் கறியே முதிர்ந்த ஆட்டுடையது. அதை இன்னும் மெல்லியதாகக் கொத்தி, குழம்பில் சிறுதீயில் 40 நிமிடம் வரை வேகவிட்டால் ஓரளவு இளகும்.

பப்பாளிக்காய், சோடா உப்பு போட்டா மிருதுவாகுமாமே?

பப்பாளிக்காயின் நொதி புரதத்தை அறுக்கும். முழுத்துண்டுக் கறிக்கு அது உதவும். கொத்திய கறியில் அந்த அறுக்கும் வேலையைக் கத்தியே முடித்துவிட்டது, பப்பாளியும் சேர்ந்தால் கட்டவேண்டிய புரதமே கூழாகிவிடும். உருண்டைக்குத் தேவையில்லை.

சோடா உப்பு கால் டீஸ்பூன், ஒரு டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்துச் சேர்த்து 15 நிமிடம் வைத்தால் கறி சாற்றை அதிகம் பிடித்துக்கொள்ளும், நிறமும் சீக்கிரம் ஏறும். கொழுப்பில்லாத கறிக்கு மட்டும் பயன்படுத்துங்கள். அளவு மிஞ்சினால் சோப்பு ருசி வரும்.

கவிச்சி வாடை பிடிக்கலை. எப்படிக் குறைக்கிறது?

ஆட்டுக்கறிக்கே உரிய அந்த வாடை பெரும்பாலும் கொழுப்பில் இருக்கிறது, ஆடு முதிர முதிரக் கூடுகிறது. இளங்கறியாக வாங்கி, வெளிப்புறத்தில் தடித்துப் படிந்திருக்கும் கொழுப்பை வெட்டிவிட்டு, கறிக்குள் ஊடாடும் கொழுப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குறையும் கொழுப்பை எண்ணெயால் ஈடுகட்டலாம். சீரகம், புதினா, இஞ்சி மூன்றும் இந்த வாடையோடு நன்றாக ஒத்துப்போகும்.

ஆட்டுக்கொழுப்பு வாயின் சூட்டில் உருகாது. ஆறிய உருண்டையைச் சாப்பிட்டால் மேலண்ணத்தில் மெழுகுபோல் படிவதும் வாடை தூக்கலாகத் தெரிவதும் இதனால்தான். சூடாகப் பரிமாறுங்கள். புளித்த வாடையும் பிசுபிசுப்பும் இருந்தால் அது கவிச்சி அல்ல, கறி கெட்டுவிட்டது. எந்த மசாலாவும் அதைச் சரிசெய்யாது, தூக்கிப்போடுங்கள்.

முன்னாடியே செஞ்சு வெச்சுக்கலாமா? எத்தனை நாள் தாங்கும்?

பச்சை உருண்டை 4 டிகிரி ஃப்ரிட்ஜில் ஒரு நாள், அதிகபட்சம் இரண்டு நாள். அதுவும் கறி வாங்கிய நாளிலிருந்து கணக்கு. வெந்தது 3, 4 நாள். வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், 32 டிகிரிக்கு மேல் வெயில் காயும் நாளில் ஒரு மணி நேரமே எல்லை.

ஃப்ரீசருக்கு, தட்டில் இடைவெளி விட்டு வைத்து 2, 3 மணி நேரம் உறையவிட்டு, பிறகு பையில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். முதலிலேயே பையில் போட்டால் ஒரே பாளமாக ஒட்டிக்கொள்ளும். மூன்று மாதத்துக்குள் பயன்படுத்துங்கள், அதற்குமேல் கொழுப்பு சிக்குவாடை பிடிக்கும். உறைந்த பச்சை உருண்டையை உருகவிடாமல் நேராகக் குழம்பில் போட்டு 20 முதல் 25 நிமிடம் சிறுதீயில் வைக்கலாம். ஓவனிலும் 200 டிகிரியில் ஏறக்குறைய அதே நேரம்தான். வாணலிக்கு மட்டும், முதல்நாள் இரவே ஃப்ரிட்ஜுக்கு மாற்றி உருகவையுங்கள்.

மறுபடி சூடு பண்ணினா கல்லாயிடுது.

குழம்போடு இருந்தால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடிச் சிறுதீயில் சூடாக்குங்கள். வெறும் உருண்டை என்றால் வாணலியில் ஒரு ஸ்பூன் தண்ணீரோடு மூடி 3, 4 நிமிடம். மைக்ரோவேவில் முழுவேகத்தில் வைத்தால் கல்லாகும். பாதி வேகத்தில், மூடி, அரை நிமிடம் அரை நிமிடமாக. எப்படிச் செய்தாலும் நடுப்பகுதி 74 டிகிரி சூடாகவேண்டும். ஒருமுறைக்கு மேல் சூடாக்காமல், தேவையானதை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள்.

ரெண்டு கிலோவுக்குச் செய்யணும். எல்லாத்தையும் நாலால பெருக்கினா போதுமா?

கறி, பிரெட், பால், முட்டை, வெங்காயம், உப்பு எல்லாவற்றையும் அப்படியே பெருக்கலாம். உப்பை ஸ்பூனில் அளக்காமல் 28 கிராம் என்று நிறுத்துப் போடுங்கள், பெரிய அளவில் ஸ்பூன் கணக்கு பிசகும். மிளகாய்த்தூளையும் பட்டைத்தூளையும் மட்டும் முதலில் மூன்று மடங்கு போட்டு, சோதனை வில்லை சுட்டுப் பார்த்துவிட்டு மீதியைச் சேருங்கள்.

பிசைவதை ஒரே பாத்திரத்தில் வைத்துக்கொள்ளவேண்டாம். இரண்டு கிலோவை ஒன்றாகப் பிசைந்தால் அடியில் இருப்பது கூழாகும், மேலே இருப்பதில் உப்பே சேராது. அரை அரை கிலோவாக நாலு தடவை பிசைந்து, ஒன்றைப் பிசையும்போது மற்றதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். உருட்டும்போதும் அப்படியே.

சின்னக் குழந்தைக்குக் கொடுக்கலாமா?

மிளகாய்த்தூளை விட்டுவிட்டு, மிளகைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, உப்பையும் பாதியாக்கித் தனியே ஒரு பங்கு செய்யுங்கள். உப்பு குறைவதால் ஒட்டும் தன்மையும் குறையும். முட்டையை விடாமல் சேர்த்து, வாணலிக்குப் பதில் ஓவனில் வேகவையுங்கள். நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு உருண்டையை முழுதாகக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும் வடிவம் அது. நாலாக வெட்டியோ பிய்த்தோ கொடுத்து, சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருங்கள்.